வால் சார் எண்ணிய இருபது

கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்த்துத் தேய்த்து, அவருடைய உலகம் ஒன்றரை அடிக்குள் சுருங்கிப்போயிருந்தது. முன்பக்கம் முதலாளியும் கண்ணாடி அலமாரியும் குளிர்ச்சியும் இருக்கும். பின்பக்கம் ஆறடிக்கு நாலடி அறை, தேய்க்கிற இயந்திரம், பவர் பார்க்கிற கருவி, எள்ளளவு ஆணிகள் போட்டு வைத்த ஒரு டப்பா, இவர். ஆணி ஒன்று தவறிக் கீழே விழுந்தால் அரை மணி நேரம் தரையில் தவழ வேண்டும். முப்பது வருஷத்தில் அவர் தவழ்ந்த தூரத்தை நீட்டிப் போட்டால் பக்கத்து ஊருக்கே போய்ச் சேர்ந்துவிடலாம்.

வேலையில் மனுஷன் படு கறார். ஒவ்வொரு லென்ஸையும் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் பிரேமில் ஏற்றுவார். வாடிக்கையாளர் யாராவது கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைப்பதைப் பார்த்துவிட்டால் போதும், பின்னறையிலிருந்து எழுந்தே வந்துவிடுவார். "துணியில துடைச்சா கீறல் விழும் சார். அதுக்குன்னு தனியா ஒரு துணி குடுத்திருக்கோமே, அதை என்ன பண்ணினீங்க?" என்று கேட்பார். அதே ஆள் வீட்டுக்குப் போனதும் தன் கண்ணாடியைக் கழற்றி, பக்கத்தில் இருக்கிற மனைவியின் துப்பட்டாவை இழுத்துத் துடைப்பார். "உபதேசமெல்லாம் கடையோட சரி, துப்பட்டா மட்டும் என்னுதா?" என்று அந்த அம்மாளும் சளைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பழக்கம் விட்டபாடில்லை.

கடைக்கு மேல்மாடியில் இருந்த கண் டாக்டர்தான் ஒருநாள் சொன்னார். "எப்பப் பாத்தாலும் கிட்டயே பாத்துட்டு இருக்கீங்க. அப்பப்போ தூரமா எதையாவது பாருங்க." இவரும் சொன்ன சொல் தட்டாமல் வாசலுக்கு வந்து நின்று பார்த்தார். தெருவின் அகலம் இருபது அடி. எதிர்க் கட்டடத்தின் குளியலறைக் குழாய்தான் கிடைத்த தூரம். ஒரு மாதம் அதையே பார்த்தார். எந்த மூட்டில் ஒழுகுகிறது, எந்த வீட்டில் எத்தனை மணிக்குக் குளிக்கிறார்கள் என்பதெல்லாம் அத்துப்படி ஆனதே தவிர, கண்ணுக்கு ஒரு நிம்மதியும் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூட விளையாட்டு டீச்சர் ஒருவர் கால் உடைந்த கண்ணாடியோடு கடைக்கு வந்தார். மலையில் விழுந்து உடைந்ததாம். அவரும் நண்பர்கள் சிலரும் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊர்க்காரர்களைக் காட்டு வழியாக மலைமேல் இருக்கிற சின்னக் கிராமங்களுக்கு நடத்திக் கூட்டிப் போகிறார்கள். யாரும் சம்பளம் வாங்குவதில்லை. வருகிறவர்கள் காட்டைப் பார்க்கலாம், கெடுக்கக் கூடாது. வழியில் கிடக்கிற குப்பையைப் பொறுக்கிக் கீழே கொண்டுவர வேண்டும். டீயும் சாப்பாடும் மேலே இருக்கிற வீடுகளில். அதனால் அந்த வீடுகளுக்கும் ஒரு பிழைப்பு. இவர் ஆணியைத் திருகிக்கொண்டே டாக்டர் சொன்னதைச் சொன்னார். டீச்சர் சிரித்தார். "வாங்க சார், அங்க தூரத்துக்குப் பஞ்சமே இல்லை."

போனார். முதல் நாளே எல்லாருக்கும் பின்னால் தங்கிவிட்டார். கால் வலியால் இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, மலைக்கு அப்பால் மலை, அதற்கும் அப்பால் மலை என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தால் வேறு என்ன ஆகும்? இரண்டு மூன்று வாரம் பொறுத்துப் பார்த்த டீச்சர், "எப்படியும் நீங்க கடைசியாத்தான் வரப்போறீங்க. அதையே வேலையா எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டார். இப்படி நடக்கிற கூட்டத்துக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் கட்டாயம் வேண்டும். முன்னால் போகிறவரை யாரும் தாண்டக் கூடாது. பின்னால் வருகிறவர் யாரையும் தாண்டக் கூடாது. டீச்சர் முன்னால், இவர் பின்னால். அன்றோடு அவர் பெயர் வால் சார் ஆயிற்று. "சின்ன வயசுல முளைக்காத வால் ஐம்பதுலயா முளைக்கும்?" என்று மனைவி கேட்டாள்.

பதினோரு வருஷம். காட்டு வாசல், நடுவில் ஓடை, உச்சியில் கிராமம் என்று மூன்று இடத்திலும் தலைகளை எண்ணுவார். தொடையில் விரல் தட்ட, உதடு அசைய, லென்ஸைப் பார்ப்பதுபோலவே இரண்டு தடவை. பதினோரு வருஷத்தில் ஒரு தலை குறைந்ததில்லை. அவருக்குப் பெருமை என்று சொல்லிக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான். ஞாயிறு சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு, யார் வழுக்கினார், எங்கே மரம் விழுந்திருந்தது, வழி தவறினால் என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு மணி நேரம் சொல்லித் தீர்ப்பார். மனைவி கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பாள். தூங்குகிறாள் என்று தெரிந்தும் நிறுத்த மாட்டார்.

அவளும்தான் என்ன செய்வாள். கேஸ் ஏஜென்சியில் போன் எடுக்கிற வேலை. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை, சிலிண்டர் எப்ப வரும், ஏன் வரல, நேத்தே வரும்னீங்களே என்று ஊரே அவள் காதில் ஏறி உட்கார்ந்திருக்கும். "நீயும் ஒருநாள் வாயேன்" என்று இவர் கூப்பிடும்போதெல்லாம் அவள் ஒரே பதில்தான் வைத்திருந்தாள். "ஆறு நாள் எல்லார் பேச்சையும் கேட்டாச்சு. ஞாயித்துக்கிழமை என்னை விட்டுடுங்க." அப்புறம் ஒரே மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். அவள் போன மூன்றாவது ஞாயிறு, விடிவதற்கு முன்னால் இவர் ஷூ போட்டுக்கொண்டிருந்தபோது மனைவி எதிரில் வந்து நின்றாள். தோளில் கைப்பை, கையில் ஸ்டீல் தண்ணீர் பாட்டில். "நானும் வரேங்க. வீட்ல இருந்தா சுவர்தான் பேசுது."

அவருக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் வழி நெடுக அவளுக்கு ஜன்னலைக் காட்டிக்கொண்டே வந்தார்.

காட்டு வாசலில் காவலர் பெயர்ப் பட்டியலை வாங்கிப் பார்த்தார். டீச்சர், வால் சார், நடக்க வந்த பதினெட்டுப் பேர், ஆக இருபது. தலைகளை எண்ணிவிட்டு, "ஒண்ணு கூட இருக்கே" என்றார்.

"அது என் வீட்டுக்காரம்மா சார். வீட்டு ஆள்தானே" என்றார் இவர்.

பட்டியல் மூன்று பிரதி. திருத்துவதென்றால் மூன்றிலும் திருத்தி, மூன்றிலும் கையெழுத்துப் போட்டு, மறுபடி முத்திரை வாங்க வேண்டும். காவலரும் மனுஷன்தானே, சிரித்துக்கொண்டே தடுப்பைத் தூக்கிவிட்டார். எதையும் இரண்டு தடவை பார்க்கிற வால் சார் அன்று பட்டியலை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

உள்ளே போனதும் டீச்சர் எல்லாரையும் வட்டமாக நிற்க வைத்து விதிகளைச் சொன்னார். "யாராவது ஒதுங்கணும்னா உங்க பையைப் பாதையிலேயே வச்சுட்டுப் போங்க. வால் சார் பையைப் பாத்தா அங்கேயே நின்னுடுவார். நீங்க திரும்பி வந்து எடுக்கிற வரைக்கும் ஒரு அடி நகரமாட்டார்." இந்த நேரத்தில் வால் சாரின் மனைவி எங்கே இருந்தாள் என்றால், குழாயடியில். பாட்டில்களில் தண்ணீர் பிடிக்க இவர்தான் அனுப்பியிருந்தார். "இதெல்லாம் நீ கேக்கணும்னு இல்ல. நான்தான் கூடவே இருக்கேனே."

ஓடைக்கரையில் எண்ணினார். மனைவி அவர் தோளோடு ஒட்டி நின்றாள். அவளை விட்டுவிட்டுத்தான் எண்ணினார். பட்டியலில் இல்லாத ஆளைச் சேர்த்தால் கணக்கு உதைக்குமே. இருபது. சரி.

ஓடையைத் தாண்டி ஏற்றம். மனைவி இவருக்கு முன்னால் நடந்தாள். இவர் இடுக்கியால் பிஸ்கட் உறைகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டு வந்தார். பாதி ஏற்றத்தில், புது ஷூ போட்டு வந்த ஒரு பெண் குதிகால் கொப்பளித்து உட்கார்ந்துவிட்டாள். இவர் பிளாஸ்திரி ஒட்டிவிட்டார். "நீ மெதுவா முன்னாடி போய்க்கிட்டிரு" என்று மனைவியிடம் சொன்னார். அவளும் போனாள். அடுத்த திருப்பத்தில் ஒரு பெரிய பாறை. ஒதுங்க நல்ல மறைவு. அவள் பாறைக்குப் பின்னால் போனாள், கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான். விதி தெரியாத எந்தப் பெண் கைப்பையை நடுவழியில் வைத்துவிட்டுப் போவாள்? ஐந்து நிமிஷம் கழித்து வால் சார் அந்தப் பாறையைத் தாண்டினார். கொப்பளக்காரப் பெண்ணோடு பேசிக்கொண்டே தாண்டினார். பாதையில் பை எதுவும் இல்லை.

உச்சியில் மொத்தமே பன்னிரண்டு வீடு. முதல் வீட்டு முற்றத்தில் எல்லாரும் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தார்கள். அது ஆட்டுக்காரம்மா வீடு. ஆடும் மேய்ப்பார், வருகிறவர்களுக்குச் சமைத்தும் போடுவார். வால் சார் எண்ணினார். இருபது. மறுபடி எண்ணினார். இருபது. "எல்லாரும் வந்தாச்சு டீச்சர்" என்று குரல் கொடுத்துவிட்டு, டீ வாங்கி, ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தார். எதிரே மலை அடுக்கு. ஆனந்தமாக இருந்தது. இருபது நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

டீயின் ஆவி கண்ணாடியில் படிந்தது. கழற்றினார். எதிரே இருப்பதிலிருந்து கண்ணை எடுக்காமல், துடைப்பதற்காகப் பக்கத்தில் கையை நீட்டினார். கைக்குக் காற்றுதான் அகப்பட்டது. இன்னும் கொஞ்சம் துழாவினார். அப்புறம்தான் திரும்பிப் பார்த்தார்.

எழுந்து முற்றம் முழுக்கப் பார்த்தார், வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார், பின்பக்கம் ஆட்டுத் தொழுவம் வரை போய்ப் பார்த்தார். போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. டீச்சரிடம் வந்தார்.

"டீச்சர், என் வீட்டுக்காரம்மாவைக் காணோம்."

டீச்சர் பட்டியலைப் பார்த்தார். "இருபது சரியா இருக்குன்னு சொன்னீங்களே சார்."

"அவ இதுல இல்ல டீச்சர். நான்தான் சேக்கல."

டீச்சர் பதறவில்லை. அவர் அப்படித்தான். கூட்டத்தை விட்டு அவர் நகரக் கூடாது. ஆகவே வழி தெரிந்த ஆட்டுக்காரம்மாவை இவரோடு அனுப்பினார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக வால் சார் முன்னால் ஓடினார். சரிவின் அந்தப் பக்கத்திலிருந்து பனிமூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் கை நீட்டினால் கை தெரியாது. கீழே எங்கேயாவது சறுக்கியிருப்பாளா? மகளிடம் என்ன சொல்வது? கடைக்கு வருகிற முன்பின் தெரியாத மனுஷர்களுக்கெல்லாம் இரண்டு தடவை பார்த்தவன், கட்டின மனைவியை ஒரு தடவை பார்க்கவில்லையே. அவருக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே ஓடினார்.

"ஐயா, ஓடாதீங்க" என்று பின்னாலிருந்து ஆட்டுக்காரம்மா அதட்டினார். "ஓடினா மூச்சுச் சத்தம்தான் கேக்கும். நூறு அடி நடங்க, நில்லுங்க, கேளுங்க. தொலைஞ்ச ஆட்டை அப்படித்தான் பிடிப்போம்."

நடந்தார்கள், நின்றார்கள், கேட்டார்கள். காற்று. மறுபடி நடந்தார்கள். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ நின்றபோது ஏதோ கேட்டது. டங், டங், டங். சற்று இடைவெளி. டங், டங், டங்.

"இது ஆட்டு மணி இல்ல" என்றார் ஆட்டுக்காரம்மா.

அது ஸ்டீல் பாட்டில் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. பெரிய பாறைக்குப் பின்னால் ஓர் ஒற்றையடித் தடம் பிரிந்து கீழே இறங்கியது. ஆடுகள் போய்ப் போய் ஏற்பட்ட தடம். பார்ப்பதற்குப் பாதை போலவே இருந்தது. அதில் கொஞ்ச தூரத்தில், சமமான ஒரு கல்லின்மேல் அவர் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பை. ஒரு கையில் பாட்டில், மறு கையில் வீட்டுச் சாவி.

அவர் அப்படியே தடத்தில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சின் மேலிருந்த பாறாங்கல்லை யாரோ எடுத்துக் கீழே வைத்தது போலிருந்தது. ஆட்டுக்காரம்மா இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். "அடி கிடி ஒண்ணும் இல்லையே? அப்ப மெதுவா வாங்க. நான் பாறைகிட்ட நிக்கிறேன்" என்று மேலே போய்விட்டார்.

"பாதையை விட்டுட்டோம்னு தெரிஞ்சதும் உக்காந்துட்டேன்" என்றாள் மனைவி. "வழி தெரியலைன்னா நகரக் கூடாது, மூணு மூணா தட்டணும்."

"இதெல்லாம் உனக்கு யார் சொன்னா?"

"யார் சொல்லுவா? ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ரெண்டு மணி நேரம் நீங்க சொல்றதுதான். கண்ணை மூடிட்டிருந்தா தூங்கறேன்னு அர்த்தமா?"

அவளே தொடர்ந்தாள். "ரொம்ப நேரமாத் தேடினீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை, அதோடு முடிந்திருக்கும். அவளும் நம்பியிருப்பாள். ஆனால் பவர் மாறின லென்ஸைத் தெரிந்தே யாருக்கும் கொடுத்துப் பழக்கமில்லாத ஆள்.

"இல்லம்மா. தேடவே இல்ல. மேல போய் டீ குடிச்சிட்டு உக்காந்திருந்தேன். கண்ணாடி துடைக்கத் துப்பட்டாவைத் தேடினப்பதான் நீ இல்லைன்னு தெரிஞ்சது."

"எண்ணுவீங்களே?"

"எண்ணினேன். ரெண்டு தடவை. இருபது, சரியா இருந்தது. பட்டியல்ல நீ இல்ல. வீட்டு ஆள்தானேன்னு விட்டுட்டேன்."

அவள் பாட்டிலைத் திறந்து மிச்சமிருந்த ஒரு வாய்த் தண்ணீரைக் குடித்தாள். மூடியை மெதுவாகத் திருகினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார்.

"முதல் பத்து நிமிஷம் பயந்துட்டேன்" என்றாள் கடைசியில். "உங்களைத் திட்டினேன். நல்ல சத்தமா, வாய்க்கு வந்தபடி. யாரும் இல்லைங்கிறதால வசதியா இருந்தது. அப்புறம் பாத்தா, ஒருத்தர் என்னை ஒண்ணும் கேக்கல. சிலிண்டர் எப்ப வரும்னு கேக்கல. சாப்பிட என்ன இருக்குன்னு கேக்கல. ஒன்றரை மணி நேரங்க. என் வாழ்க்கையில அப்படி ஒண்ணு நடந்ததே இல்ல."

அவள் முகத்தில் சிரிப்பு தெரிந்தது. அவருக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் அழுகையாகி, மறுபடி சிரிப்பாகிவிட்டது.

"அதுக்காக நீங்க பண்ணினது சரின்னு ஆயிடாது" என்றாள்.

"ஆகாது."

"எந்திரிக்கக் கை குடுங்க."

திரும்பி ஏறும்போது அவள் முன்னால், அவர் ஒரு கை தூரத்தில் பின்னால். குப்பை எதுவும் அவர் கண்ணில் படவில்லை. பனிமூட்டம் முற்றத்தை எட்டுவதற்குள் போய்ச் சேர்ந்தார்கள். டீச்சர் ஓடிவந்து, "அக்கா" என்று கட்டிக்கொண்டார். பட்டியலைக் கொண்டுவரச் சொல்லி, இருபதுக்குக் கீழே தன் கையாலேயே இன்னொரு பெயர் எழுதினார். முத்திரையைப் பற்றிக் கீழே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். வால் சார் எண்ணினார். இருபத்தொன்று. கொப்பளக்காரப் பெண் பக்கம் போய் நின்று எண்ணினார், தொழுவத்துப் பக்கம் போய் நின்று எண்ணினார். எங்கிருந்து எண்ணினாலும் இருபத்தொன்றுதான் வந்தது. எண்ண எண்ண அவருக்கு அலுக்கவில்லை.

சாப்பாட்டு நேரம். ஆட்டுக்காரம்மா அடுப்படியிலிருந்து வெளியே தலையை நீட்டி, "எத்தனை தட்டு வைக்கணும்?" என்று கேட்டார். வால் சார் கை கழுவிக்கொண்டிருந்தார். அதற்குள் அவர் மனைவி துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள். அடுப்படி வாசலில் நின்று, முற்றத்தில் இருந்த ஒவ்வொரு தலையையும் விரலால் சுட்டி, ஒன்று விடாமல் எண்ணினாள்.

"இருபதுங்க" என்றாள்.

அவர் ஈரக் கையோடு நின்றார். அவள் எண்ணிக்கை தப்புவதில்லை என்பது அவருக்குத் தெரியும். மகள் பிறந்து வளர்ந்து போகிற வரைக்கும், உறவுக்காரர்கள் வந்து தங்கின நாட்களில், வீட்டில் எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று எண்ணி வைத்ததெல்லாம் அவள்தான். அப்போதெல்லாம் அவள் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டாள் என்று அவர் யோசித்துப் பார்த்தார். ஒருநாள்கூட நினைவுக்கு வரவில்லை.

"இன்னொரு தடவை எண்ணும்மா" என்றார்.

"எண்ணித்தான் சொல்றேன். எல்லாரும் ஆச்சே."

"நீ?"

"நான்தானே, நான் அப்புறமா..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். அவரைப் பார்த்தாள். முகம் என்னவோ போல் ஆகி, பிறகு தெளிந்தது. "நல்ல ஜோடிதான் போங்க" என்றாள்.

ஆட்டுக்காரம்மா தட்டுகளை எடுத்து வந்தார். வால் சார் மேலே இருந்த முதல் தட்டை வாங்கி மனைவியின் கையில் கொடுத்தார். அவள் இடுப்பிலிருந்து துப்பட்டாவை அவிழ்த்துவிட்டு, மற்றவர்கள் வருவதற்காகக் காத்திராமல் வரிசையின் முதலில் உட்கார்ந்தாள். அவர் கரண்டியை எடுத்துக்கொண்டு பரிமாற வந்தார்.

"போதுமா?" என்று கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க" என்றாள். "பசிக்குது."